ஐந்தாவது சக்கரம்: நிறுத்த இடம் தேடும் வீடுகளின் கதை

போன மாசம் மாமா வாட்ஸ்அப்பில ஒரு படம் அனுப்பினார். பெரிய பிக்கப் வாகனம் ஒண்டு. அதின்ர முதுகில தலையை வச்சுப் படுத்திருக்கிற மாதிரி நீளமான வெள்ளைப் பெட்டி. பெட்டிக்கு ஜன்னல் இருக்கு, கதவு இருக்கு, கதவடியில மாமி நிக்கிறா. கீழ ஒரு வரி: "புது வீடு. 32 அடி."

மாமா 25 வருசமா ஸ்காபரோவில இருக்கிறார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தில இருந்து வெளிக்கிட்ட சனத்தோட சனமா, அம்மம்மாவை சைக்கிள் கரியரில இருத்தி உருட்டிக்கொண்டு போன ஆள். "எனக்கெண்டு ஒரு வீடு வாங்கினா, பிறகு அதை விட்டு ஒரு அடி அசையமாட்டன்" எண்டு அவர் சொல்லுறது எங்கட வீட்டில எல்லாருக்கும் பாடம். அந்த மனிசன் இப்ப அசையுற வீடொண்டை வாங்கியிருக்கிறார். வீட்டுக் கடன் வட்டி ஏறினதாலயா, பிள்ளைகள் தனித்தனியாப் போனதாலயா, இல்லாட்டி உண்மையாவே ஊர் சுத்தத்தானா எண்டு அம்மாவுக்குத் தெரியாது. அவ கேக்கவும் இல்லை.

நான் கேட்டது வேற. "ஏன் மாமா இதுக்கு ஃபிஃப்த் வீல் எண்டு பேர்?" அவர் பதில் சொல்லாமல், இப்படியான ட்ரெயிலர் வீட்டை முதல்தடவை வாங்கினவைக்கான அறிவுரைப் பட்டியல் ஒண்டை அனுப்பிவிட்டார். பாரத்தைப் பார். உயரத்தை எழுதி ஒட்டு. கொழுவின பிறகு இழுத்துப் பார். முதல் இரவை உன்ர வீட்டு முற்றத்திலேயே கழி. இப்படி ரெண்டு பக்கம்.

வரலாறு படிக்கிற ஆளிட்ட இப்படியொரு பட்டியலைக் குடுத்தால் சும்மா இருக்க ஏலாது. 'இதைச் செய்யாதே' எண்டு எழுதியிருந்தால், ஆரோ அதைச் செய்து மாட்டுப்பட்டிருக்கினம் எண்டு அர்த்தம். பழைய சட்டங்களை அப்படித்தான் வாசிக்க வேணும் எண்டு எங்களுக்குச் சொல்லித் தருகினம். அப்ப இந்தப் பட்டியலையும் ஒரு ஆவணமா வாசிச்சால் என்ன?

முதல்ல பேர். கதை குதிரை வண்டியில தொடங்குது. நான்கு சக்கர வண்டி வளைவில் திரும்ப வேண்டுமென்றால் அதன் முன் அச்சு திரும்ப வேண்டும். அதற்காக முன் அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையில் வட்டமான இரும்புத் தகடொன்றைப் படுக்கையாக வைத்தார்கள். பார்க்கச் சக்கரம் போலவே இருக்கும், ஆனால் நிலத்தைத் தொடாது. வண்டி செய்கிறவர்கள் அதை ஐந்தாவது சக்கரம் என்றார்கள். (எங்கட மாட்டுவண்டிக்கு ரெண்டே சக்கரம் எண்டபடியால் இந்தப் பிரச்சினையே வரேல்லை.)

குதிரை போய் மோட்டார் வந்தபோது பேர் மட்டும் கூடவே வந்தது. 1914இல் டிட்ரொயிற்றில் ஓகஸ்ட் ஃப்ரூஹோஃப் என்ற கொல்லரிடம் ஒரு மரவியாபாரி வந்து, தன்னுடைய படகை ஃபோர்ட் காரால் இழுத்துச் செல்ல ஏதாவது செய்து தரும்படி கேட்டார். பின்பக்கம் மட்டும் சக்கரம் உள்ள, முன்பாரத்தை இழுக்கிற வாகனத்தின் மேலேயே போடுகிற ட்ரெயிலரை ஃப்ரூஹோஃப் செய்து கொடுத்தார். இன்றைய கொள்கலன் லொறிகளும் இந்தக் குடும்பம்தான். கொழும்புத் துறைமுகப் பக்கம் போனால் பாருங்கோ: பெட்டியைக் கழற்றிவிட்டு லொறித்தலை தனியா நிக்கேக்க, அதின்ர முதுகில கிரீஸ் பூசின, குதிரை லாடம் மாதிரி ஒரு தட்டு இருக்கும். அதுதான் ஐந்தாவது சக்கரம். பெட்டிக்கு அடியில் இருக்கிற தடித்த முளை அதற்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

இந்த முறையை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் பெரிய பேர், விமானக்காரர் க்ளென் கேர்ட்டிஸ். 1908இல் 'ஜூன் பக்' விமானத்தைப் பறக்கவிட்டுப் பரிசு வாங்கியவர். கடைசிக் காலத்தில் ஃப்ளோரிடாவில் நிலம் வாங்கி நகரங்கள் அமைத்தார், கூடவே 'ஏரோகார்' என்ற ட்ரெயிலரையும் உருவாக்கினார். விமானத்தின் உடல்போல இலேசான கட்டுமானம். இழுக்கிற காரில் ஒரு ரயரைப் படுக்கையாக வைத்து, ட்ரெயிலரின் மூக்கை அதில் பொருத்தினார், அதிர்ச்சியை ரயர் வாங்கிக்கொள்ளும் என்று. 1930இல் அவர் செத்துப்போனார். ஏரோகாரை அதற்குப் பிறகு வாங்கியவர்கள் பெரும்பாலும் காசுக்காரரும் கம்பனிகளும்தான். பிக்கப்பின் முதுகில் தட்டைப் பூட்டி, சாதாரண குடும்பங்கள் இப்படி வீடு இழுக்கிற வழக்கம் பரவ இன்னும் சில பத்தாண்டுகள் எடுத்தது.

பட்டியல்ல அதிகம் இடம்பிடிச்சிருக்கிறது பாரம். லாண்ட்மாஸ்டர் பெட்டியில நெல்மூட்டை ஏத்தினவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூட்டை எல்லாத்தையும் பின்னால போட்டால் முன் கொழுக்கி மேல எழும்பும், முன்னால குவிச்சால் மெசின் அமுங்கும். பின்பக்கக் கொழுக்கியில் இழுக்கிற சாதாரண ட்ரெயிலர் தன் எடையில் 10 முதல் 15 வீதத்தை இழுக்கிற வாகனத்தின்மேல் போடும். ஃபிஃப்த் வீல் 15 முதல் 25 வீதம் வரை போடும், அதுவும் பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால். அதனாலதான் அது வாலை ஆட்டாமல் அமைதியா வரும். ஆனால் அதனாலயே ஒரு பொறியும் இருக்கு. 12,000 இறாத்தல் ட்ரெயிலர் என்றால், 20 வீதக் கணக்கில் 2,400 இறாத்தல் பிக்கப்பின் முதுகில். அதோடு கொழுவி, மாமா, மாமி, மாமியின்ர அரிசிமூட்டை. வாகனம் விக்கிறவர் எவ்வளவு இழுக்கும் எண்ட இலக்கத்தைத்தான் பெருசாச் சொல்லுவார். எவ்வளவு சுமக்கும் எண்ட இலக்கம் சாரதிக் கதவடியில சின்ன ஸ்டிக்கரில இருக்கும். முதல்தடவை வாங்கிறவை ஏமாறுற இடம் இந்த ரெண்டுக்கும் இடையில.

இந்த அறிவுரை எவ்வளவு பழசு எண்டதுக்கு ஒரு சினிமாவே சாட்சி. 1954இல் வந்த 'த லோங், லோங் ட்ரெயிலர்'. புதுசாக் கலியாணம் கட்டின சோடி, வீட்டுக்குப் பதிலா ட்ரெயிலர் வாங்குது. மனைவிக்குப் போகிற இடமெல்லாம் நினைவுக்குக் கல்லுப் பொறுக்கிற பழக்கம். எறி எண்டு கணவன் சொன்னதையும் கேக்காமல் ஒளிச்சு வைக்கிறா. மலைப்பாதையில ஏறேக்கதான் அந்தக் கல்லுகளின்ர பாரம் தெரியவருது. சிரிக்கிறதுக்கான படம்தான், ஆனால் எனக்கு அந்தக் கல்லுக் காட்சியில சிரிப்பு வரேல்லை. எங்கட சனமும் வெளிக்கிடேக்க எதை எடுக்கிறது, எதை விடுகிறது எண்டு நிண்ட கதைகள் கேட்டு வளந்ததாலயோ என்னவோ.

மற்ற அறிவுரைகளைக் கெதியாச் சொல்லிப் போகலாம். கொழுவின பிறகு, ட்ரெயிலரின் கால்களைத் தூக்க முதல், அதின்ர பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல முன்னுக்கு இழுத்துப் பார்க்க வேணும். சரியாப் பூட்டாமல் கால்களைத் தூக்கிப்போட்டு ஓடத் தொடங்கினால் வீட்டின் மூக்கு பிக்கப்பின் பக்கச் சுவரில வந்து விழும். ரயர் பார்வைக்குப் புதுசா இருந்தாலும் பக்கத்தில இருக்கிற கடைசி 4 இலக்கத்தையும் வாசி, அது செய்த கிழமையும் வருசமும். உயரம் 12, 13 அடி வரும், பாலத்துக்குக் கீழ போக முதல் யோசி. குளிர் வர முதல் குழாய்த் தண்ணியை வடிச்சு, அதுக்கெண்டு விக்கிற ரோஸ் நிற உறைதடுப்புத் திரவத்தை விடு, இல்லாட்டிக் குழாய் வெடிக்கும்.

என்னை நிப்பாட்டினது, முதல் இரவை உன்ர முற்றத்தில கழி எண்ட வரி. ஏதாவது வேலை செய்யாட்டி உள்ளுக்கு ஓடலாம், அதுக்காக. நல்ல யோசனைதான். 1929இல் டிட்ரொயிற்றில் ஆர்தர் ஷேர்மன் என்ற நுண்ணுயிரியலாளருக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. சில நிமிடத்தில் விரிக்கலாம் என்ற விளம்பரத்தை நம்பி, மடிக்கிற கூடார ட்ரெயிலர் ஒன்றை வாங்கிக் குடும்பத்தோடு போனார். இரவு மழை. கூடாரம் விரிபடவில்லை, எல்லாரும் நனைந்தார்கள். திரும்பி வந்து மரச்சுவர் வைத்த பெட்டியொன்றைத் தானே செய்வித்தார், பிறகு அதை விற்கத் தொடங்கினார். 'கவர்ட் வாகன்' என்ற அந்தக் கம்பனி 1936 அளவில் அமெரிக்காவின் மிகப்பெரிய ட்ரெயிலர் கம்பனியாக இருந்தது. முதல்தடவை வாங்கி நொந்த ஒருவரின் கோபத்தில் பிறந்த தொழில்.

ஆனால் அந்த வரியில ஒரு எடுகோள் ஒளிஞ்சிருக்கு: உனக்கு முற்றம் இருக்கு. நீ எங்கேயோ இருந்து வெளிக்கிட்டு, திரும்பவும் அங்க வருவாய்.

அமெரிக்க ஊர்களுக்கு ட்ரெயிலர்காரரில் இருந்த பயமும் சரியா இந்த இடத்திலதான் தொடங்கிச்சு. 1919இல் ஃப்ளோரிடாவின் ராம்பா நகரில் 'தகரப்பேணிச் சுற்றுலாக்காரர்' என்று ஒரு சங்கம் கூடியது. காரின் ரேடியேற்றர் மூடியில் ஒட்டின தகரப்பேணிதான் அடையாளம். அந்த நாட்களில் ஊர்கள் இப்படி வருகிறவர்களுக்கு இலவசமாக இடம் கொடுத்தன, கடைகளில் காசு செலவழிப்பார்கள் என்று. பிறகு சிலர் போகவில்லை. வேலை தேடி வந்தவர்கள், வாடகை கட்ட முடியாதவர்கள் அங்கேயே தங்கினார்கள். உடனே கட்டணம் வந்தது, இத்தனை நாள்தான் தங்கலாம் என்ற கெடு வந்தது. உல்லாசப் பயணிக்கு 'வாங்கோ' எண்டு சொன்ன அதே ஊர், ஏழைக்கு 'எப்ப போறியள்' எண்டு கேட்டுது. ரெண்டு பேரும் இழுத்துக்கொண்டு வந்தது ஒரே பெட்டி.

1930களின் நடுவில் ட்ரெயிலர் மோகம் உச்சத்தில். இன்னும் 20 வருடத்தில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் சக்கரத்தின்மேல்தான் வாழ்வார்கள் என்று ரோஜர் பாப்சன் என்ற பொருளாதாரக் கணிப்பாளர் எழுதினார். அது நடக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சே நகரசபைகளைக் கலக்கியது: நிலமில்லாதவன் நிலவரி கட்டமாட்டான், பிள்ளைகளை மட்டும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவான்! 1936இல் மிச்சிகனில் ஒரு வழக்கு. ட்ரெயிலரில் வசித்தவருக்கு எதிராக நீதிமன்றம் சொன்னது, ரயர் இருந்தாலும் இது வீடுதான் என்று. கேட்க நல்ல தீர்ப்புப் போல இருக்கும். வீடு என்றால் வீட்டுக்கான சட்டம் பொருந்தும், அந்தச் சட்டம் கேட்கிற அளவு ட்ரெயிலருக்குக் கிடையாது. ஆகவே அது வீடு, ஆனால் சட்டவிரோத வீடு.

ரெண்டாம் உலகப் போர் வந்ததும் எல்லாம் தலைகீழ். ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வந்து குவிந்த தொழிலாளருக்கு வீடில்லை, அரசாங்கமே ஆயிரக்கணக்கில் ட்ரெயிலர் வாங்கி வரிசையாக நிறுத்தியது. போர் முடிந்து படிக்கப்போன இராணுவத்தினரின் குடும்பங்களுக்குப் பல்கலைக்கழக வளாகங்களிலேயே ட்ரெயிலர் கொடுத்தார்கள். (விடுதி கிடைக்காமல் அறை தேடித் திரியுற எங்களுக்கு வயித்தெரிச்சல்.) தேவை எண்டால் அதே பெட்டிக்கு இடம் கிடைக்கும், சட்டமும் வளையும்.

1950களில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அகலம் 8 அடியில் இருந்து 10 அடியானதும் ஒரு வகை 'நகரும் வீடு' என்று பேர் மாறியது, உண்மையில் நகருவதையும் பெரும்பாலும் விட்டுவிட்டது. மற்றது பயணத்துக்கான ட்ரெயிலர். ஃபிஃப்த் வீல் இந்த இரண்டாவது கிளையில் வந்தது. அதாவது அது விளையாட்டுப் பொருள், வீடில்லை. இதை எல்லாரும் ஒருமாதிரி அனுபவிக்கவும் இல்லை. கறுப்பினக் குடும்பமொன்றுக்கு எந்த ஊரில் தங்க இடம் தருவார்கள் என்று சொல்ல, ஹார்லமில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிறீன் 1936இல் தனி வழிகாட்டி போடவேண்டியிருந்தது. அதுவும் பயணிகளுக்கான அறிவுரைப் புத்தகம்தான். ரயரையும் பாரத்தையும் பற்றியல்ல, எங்கே நிறுத்தினால் உயிருக்கு ஆபத்தில்லை என்பதைப் பற்றி. 1964 குடியியல் உரிமைகள் சட்டத்துக்குப் பிறகுதான் அதன் தேவை மெல்லக் குறைந்தது.

2008 நிதி நெருக்கடியில் வீட்டை இழந்த முதியவர்கள் பலர் மறுபடி சக்கரத்துக்கு வந்தார்கள். ஜெசிக்கா ப்ரூடரின் 'நோமட்லாண்ட்' அவர்களைப் பற்றிய நூல். அதிலிருந்து எடுத்த படத்தை எங்கட பட்ச்சில பலர் பார்த்திருப்பியள். 60, 70 வயதில் வானிலும் ட்ரெயிலரிலும் இருந்துகொண்டு, பருவத்துக்குப் பருவம் வேலை தேடி ஓடுகிறவர்கள். விளையாட்டுப் பொருள் எண்டு சட்டம் சொன்னது திரும்பவும் வீடாகிட்டுது, சட்டம் மட்டும் மாறேல்லை.

இதெல்லாத்தையும் வாசிச்ச பிறகுதான் மாமாவுக்குத் திரும்ப எழுதினன். பாரக் கணக்கு, கதவடி ஸ்டிக்கர், இழுத்துப் பார்க்கிறது எல்லாம் செய்தாரோ எண்டு கேட்டன். பிறகு, கேக்கக்கூடாததையும் கேட்டன்: "நவம்பரில எங்க நிப்பாட்டுவீங்கள் மாமா?" அந்தப் பக்கத்து முகாமிடங்கள் பலது குளிருக்குப் பூட்டிப்போடுவினம். வீட்டு முற்றத்தில மாசக்கணக்கா நிப்பாட்டப் பல நகரங்கள் விடாது, அதுவும் முற்றம் இன்னும் இருந்தால்.

ரெண்டு நாள் கழிச்சுக் குரல்பதிவு வந்துது. "பாரமெல்லாம் பாத்திட்டன் பிள்ளை. ஒக்ரோபர் கடைசி மட்டும் ஒரு இடம் எடுத்திருக்கு. அதுக்குப் பிறகு பாப்பம்." மாமி பின்னால ஏதோ சொல்லுறா, விளங்கேல்லை.

அம்மாவுக்கு ஒரு கேள்விதான் இருந்தது. அம்மம்மாவின்ர படம் ஸ்காபரோ வீட்டு விறாந்தையில கொழுவியிருந்தது, அது இப்ப எங்க? மாமா எழுதினார்: "ஓடேக்க சுவரில ஒண்டும் கொழுவி வைக்கக்கூடாதாம், விழுந்து உடையும். துவாய்க்குள்ள சுத்திக் கட்டிலுக்குக் கீழ வச்சிருக்கிறம். நிப்பாட்டின உடன முதல் வேலையா அதை எடுத்துக் கொழுவுறது மாமி."