இயற்பியல் துறை, சென்னைப் பல்கலைக்கழகம் (கிண்டி)

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் 1952இல் ஜி. என். இராமச்சந்திரன் தலைமையில் தொடங்கிய துறை. படிகவியல், உயிர் இயற்பியல் ஆய்வுகளால் உலகறியப்பட்டது. பல கிளைகளில் பரவாமல் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் குவிந்ததே இதன் வளர்ச்சிக்குக் காரணம் எனலாம். அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தந்த கங்காரு வால் தசைநாணைப் படமெடுத்து, இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் தசைநாணிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் மும்மைச் சுருள் அமைப்பை முன்மொழிந்தனர். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக ரிச், கிரிக் என்னும் ஆய்வாளர்கள் மறுத்தனர். மறுப்பில் நியாயம் இருந்தது, பயனும் இருந்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று, வெளியான படிக அமைப்புகளைத் துறையினர் ஒவ்வொன்றாக அளந்தனர். புரதத்தின் பெப்டைடுச் சங்கிலியில் ஃபை, சை என்னும் திருகு கோணங்களில் எவை இயலும் எனக் காட்டும் இராமச்சந்திரன் வரைபடம் 1963இல் இப்படித்தான் பிறந்தது. புரத அமைப்புகளைச் சரிபார்க்க இன்றும் அதுவே அளவுகோல்.

இவையெல்லாம் தனியொருவர் மேதைமை என்பாருண்டு. ஆனால் வரைபடத்தை வெளியிட்ட கட்டுரையில் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் பெயர்களும் உள்ளன. இராமச்சந்திரன் பெங்களூர் சென்ற பின்னும் கிண்டியில் படிக ஆய்வு தொடர்ந்தது. கோட்பாட்டு இயற்பியலில் நிலைமை வேறு. இங்குப் பணியாற்றிய அல்லாடி இராமகிருஷ்ணன் 1962இல் கணித அறிவியல் நிறுவனத்தைத் தனியே நிறுவினார்.