முட்டைப் பந்து நாயகர்கள் – 14: ஸ்டோடார்ட்டின் தூங்காத இரவு

1888 ஆகஸ்ட் 15. ஆஸ்திரேலியாவின் மைட்லண்டில், ஹன்டர் நதியில் படகு வலிக்கப் போன பிரிட்டிஷ் ரக்பி அணியின் கேப்டன் ராபர்ட் செடன் உயிரோடு திரும்பவில்லை. நடுப் பயணத்தில் அணியின் தலைமை ஆண்ட்ரூ ஸ்டோடார்ட் தோளில் ஏறியது. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதுதான் இந்த வாரக் கதை. ஆனால் மனுஷன் எப்பேர்ப்பட்டவர் என்று தெரியாமல் அதைப் படித்தால் பாதி ருசி போய்விடும்.

இரண்டு வருடம் பின்னால் போவோம். 1886 ஆகஸ்ட் 4. இங்கிலாந்து ரக்பி அணிக்கு ஏற்கெனவே ஆடியிருந்த ஸ்டோடார்ட், அன்று ஹாம்ப்ஸ்டெட் கிளப்புக்காகக் கிரிக்கெட் ஆட வேண்டும். முந்தைய இரவோ முழுக்கச் சீட்டுக்கச்சேரி. விடிந்ததும் ஒரு நீச்சல், காலைச் சாப்பாடு, நேரே மைதானம் என்று சொல்வார்கள். பொட்டுத் தூக்கமில்லாத அந்தக் கண்களோடு அடித்த ரன் 485! அதுவரை உலகில் எவரும் ஓர் இன்னிங்ஸில் அவ்வளவு எடுத்ததாகப் பதிவில்லை. ஹாம்ப்ஸ்டெட் மொத்தம் 813. எதிரணியான ஸ்டோயிக்ஸ் நாள் முழுக்கப் பந்து பொறுக்கியதோடு சரி, மட்டையைத் தொடவேயில்லை. 'போதும், நீங்கள் ஆடுங்கள்' என்று டிக்ளேர் செய்ய அப்போது விதியே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், 1893இல் லார்ட்ஸில் டெஸ்ட் வரலாற்றிலேயே முதன்முதலாக டிக்ளேர் செய்த கேப்டனும் இதே ஸ்டோடார்ட்தான்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் பயணத்தை நடத்திய ஷாவும் ஷ்ரூஸ்பரியும் ரக்பிக்கு மடக்கிப் போட்டார்கள். கிரிக்கெட் ஆட ஆஸ்திரேலியா வந்தவர், ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். இருவரும் லாபக் கணக்குப் பார்த்த வியாபாரிகள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் காசு வாங்கி ஆடக்கூடாது என்ற விதியைக் காட்டி, 15 பவுண்டு வாங்கிய பாவத்துக்காக அணி வீரர் ஜாக் கிளோஸைப் பயணம் முழுக்க ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் முடக்கிய ரக்பி யூனியன் கனவான்களைவிட அவர்கள் எவ்வளவோ மேல்.

ரக்பியில் 35 ஆட்டம், 27 வெற்றி, தோல்வி இரண்டே இரண்டு. போதாக்குறைக்கு, போன இடத்தில் கற்றுக்கொண்ட விக்டோரியா விதிக் கால்பந்தில் வேறு 19 ஆட்டங்கள்! அதிலும் ஸ்டோடார்ட் பிய்த்து உதறினார்.

செடனுக்குப் பிறகு அணியை அவர் கட்டி இழுத்த கதைக்குள் நுழைவதற்குள் பக்கம் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம், சீட்டுக்கட்டைத் தொடாமல், நேரே மைட்லண்டிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)