மதுச்சாலைக் கதவும் தொழிலாளி கூலியும்

லண்டன் மாநகரின் நடுவே ஒரு பிற்பகல் முழுவதும் பழைய மதுச்சாலைகளைச் சுற்றிப் பார்த்து வருவது இன்று எவர்க்கும் எளிது. 1988-ஆம் ஆண்டிற்கு முன்னரோ அஃது இயலாத காரியம். பகலுணவு வேளை கழிந்ததும் இங்கிலாந்தின் மதுச்சாலைகள் கதவடைத்துவிடும். மாலையில்தான் மறுபடி திறக்கும். முதல் உலக யுத்தத்தின்போது, 1915-இல், வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உழைப்போர் குடித்து வேலையைக் கெடுக்கலாகாது என்று சர்க்கார் விதித்த கட்டுப்பாடு அது. யுத்தம் 1918-இல் முடிந்தது. பிற்பகற் கதவடைப்போ எழுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. பீரங்கிக் குண்டு குறைந்தபோது தொழிலாளியின் குடியைக் கண்டு பதறிய ஆட்சியாளர், அக்குடியால் அவன் மனைவி மக்கள் பட்டினி கிடந்தபோது எவ்வளவு பதறினர்? இக்கேள்வியை மனத்திற் கொண்டு அந்நகரின் மதுச்சாலைகள் சிலவற்றைக் கண்டு வருவோம்.

தேம்ஸ் நதியின் தென்கரையில், சவுத்வார்க் பகுதியில், 'ஜார்ஜ்' என்னும் விடுதி இருக்கிறது. 1676-இல் நேர்ந்த தீயில் எரிந்து, மறு ஆண்டு மீண்டும் கட்டப்பெற்றது. முற்றத்தை நோக்கி மரத்தாலான மாடத் தாழ்வாரங்கள் கொண்ட பழைய வண்டிப்பேட்டை விடுதிகளுள் லண்டனில் எஞ்சியிருப்பது இஃதொன்றே. குதிரை வண்டிகளின் காலம் போய் ரயில் வந்தது. 1889-இல் ரயில்வே கம்பெனியொன்று இதன் பெரும்பகுதியை இடித்தது. எஞ்சிய ஒரு பக்கத்தை, பழைய கட்டிடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் 1937 முதல் காத்து வருகிறது. வழிப்போக்கனுக்குச் சோறும் படுக்கையும், குதிரைக்குப் புல்லும் தந்த இத்தகைய இடங்களை வெறும் குடிக்கடைகள் என்று தள்ளிவிட முடியாது.

அங்கிருந்து வடக்கே நடந்து லண்டன் பாலத்தின்மேல் ஏறிக் கிழக்கே நோக்குக. அந்நீர்ப்பரப்பில்தான் முற்காலத்தில் நிலக்கரிக் கப்பல்கள் வந்து நின்றன. கப்பலின் வயிற்றிலிருந்து கரியை ஏற்றி இறக்கும் கூலிகளுக்கு வேலை கொடுத்தவர் யார்? கப்பல் முதலாளி நேரே ஆள் பிடிக்கவில்லை. ஆற்றங்கரை மதுச்சாலைக்காரரே ஆள் சேர்த்து அனுப்பினர். கூலியும் அவர்கள் கடையிலேயே கொடுக்கப்பட்டது. குடித்தவனுக்கு வேலை, குடியாதவனுக்கு அடுத்த கப்பலில் இடமில்லை! முதுகொடிய உழைத்தவன் கணக்குத் தீர்க்க வரும்போது, குடித்த கடன் போக மிச்சம் சில காசுகளே கைக்கு வந்தன. இக்கொடுமையை ஒழிக்க 1843-இல் தனிச் சட்டம் பிறந்தது. மதுச்சாலைக்குத் தொடர்பற்ற ஓர் அலுவலகத்தின் வழியே கூலிகளை அமர்த்த ஏற்பாடாயிற்று. சுரங்கத் தொழிலாளர்க்கு மதுச்சாலையில் கூலி கொடுக்கலாகாது என்று 1842-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் விதித்தது. 1883-இல் அத்தடை மற்றத் தொழிலாளர்க்கும் விரிவாக்கப்பட்டது.

கள்ளும் சாராயமும் மனிதனைக் கெடுக்கின்றன என்று நாம் சொல்லுகிறோம், அது மெய். ஆனால் கூலியையும் குவளையையும் ஒரே கையில் வைத்திருப்பவன் அதனினும் கொடியவன். இதை அந்நாட்டுச் சட்டமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

பாலம் கடந்து மேற்கே சென்றால் பிளீட் தெரு. 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின், 1667-இல் மீண்டும் கட்டப்பட்ட 'செஷயர் சீஸ்' என்னும் மதுச்சாலை அங்கு ஒரு குறுஞ்சந்தினுள் நிற்கிறது. இருண்ட அறைகள், தாழ்ந்த கூரை. இத்தகைய கடைகளின் பெருமை 'ஏல்' என்னும் பானம். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, நொதியிட்டுப் புளிக்க வைப்பது அது. கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூ பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஐரோப்பியக் கரையிலிருந்து வந்து சேர்ந்தது. நிலவறையிலுள்ள பீப்பாயில் ஏல் மேலும் புளித்துக் கொண்டேயிருக்கும். அதைக் கைப்பம்பினால் மேலே இழுத்து ஊற்றுவர். பெரிய கம்பெனிகள் இதை விடுத்து, வடிகட்டிச் சூடாக்கி வாயு ஏற்றிய பீரைப் பரப்பியபோது, நண்பர் நால்வர் 1971-இல் பழைய ஏலைக் காக்க ஓர் இயக்கம் தொடங்கினர். ஒரு பானத்திற்காகக்கூட மக்கள் திரண்டு முதலாளிகளை வழிக்குக் கொண்டுவர முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இன்னும் மேற்கே போனால் ஸ்டிராண்டு வீதியின் அருகே எக்ஸிட்டர் தெரு. அங்கே 'பெல்' என்றொரு மதுச்சாலை இருந்தது. 1792 ஜனவரியில் தாமஸ் ஹார்டி என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி தம் தோழர் சிலரை அங்குக் கூட்டி ஒரு சங்கம் கண்டார். உறுப்பினர் வாரம் ஒரு பென்னி சந்தா செலுத்தினர். பணக்காரனுக்கு மட்டுமன்றி வயது வந்த ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்பது அச்சங்கத்தின் கோரிக்கை. ஏழைகட்குக் கூடுமிடம் வேறேது? அரசினர் ஹார்டிமீது ராஜத்துரோக வழக்குத் தொடுத்தனர். 1794-இல் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். தொழிலாளியின் கூலியை விழுங்கிய அதே வகைக் கூரையின்கீழ் தொழிலாளியின் உரிமைக் குரலும் பிறந்தது.

வடக்கே ஹோபர்னில் 'பிரின்ஸஸ் லூயிஸ்' என்னும் மதுச்சாலை. 1891-இல் அமைத்த வண்ண ஓடுகளும் செதுக்குக் கண்ணாடிகளும் கண்ணைப் பறிக்கும். ஆயினும் உள்ளிருக்கும் தடுப்புகளைப் பாருங்கள். உழைப்பாளி ஓரறையில், கனவான் மற்றோரறையில். ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாது. விக்டோரியா காலத்து மதுச்சாலைகளில் வகுப்புப் பிரிவினை மரத்தாலும் கண்ணாடியாலும் கட்டப்பட்டிருந்தது. கறுத்த மேனியர்க்கோ பிற்காலத்தில் பல கடைகளில் எந்த அறையிலும் இடமில்லை. 1964-இல் பிரிஸ்டல் நகரில் பால் ஸ்டீவன்சன் என்னும் கறுப்பின இளைஞர், தமக்குக் குவளை நிரப்ப மறுத்த மதுச்சாலையை விட்டு வெளியேற மறுத்துக் கைதானார், வழக்கு தள்ளுபடியாயிற்று. மறு ஆண்டே, பொது இடங்களில் நிறம் பார்த்து ஒருவரை ஒதுக்குவது சட்ட விரோதம் என்று பார்லிமெண்டு விதித்தது. கோயில் வாயிலிலும் தேநீர்க் கடையிலும் தடுக்கப்பட்ட வரலாறுடைய நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டத்திற்குக் காத்திராமலும் சிலர் எழுந்தனர். 1832-இல் பிரஸ்டன் நகரில் ஜோசப் லிவ்ஸியும் அவர் தோழரும், எழுவராகக் கூடி, மதுவை அறவே தொடோம் என்று கையொப்பமிட்டனர். அவ்வெழுவர் தொடங்கியது நாடு தழுவிய இயக்கமாயிற்று.

நம் மலாயாவிலும் அத்தகையோர் இருந்தனர். இங்கிலாந்தில் கூலியையும் குடியையும் பிரித்த அதே ஆங்கிலேயர் ஆட்சியில், இங்கே தோட்டந்தோறும் லயத்தருகே கள்ளுக்கடை உத்தரவு பெற்று நடந்தது. கூலி நாளன்று ரிங்கிட் எங்கே போயிற்று என்பதை அக்காலத் தாய்மார் அறிவர். 1946, 47-ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் அக்கடைகளின் வாயிலில் மறியல் செய்தனர். அவர்கள் படித்தவர் அல்லர், பால்மரம் வெட்டியவர்களே.

ஆதலின் குடியை ஒழிக்க விரும்புவோர் குடிகாரனை ஏசுவதோடு நின்றுவிடலாகாது. அவன் கூலி எங்கே, யார் கையால், எந்நாளில் வருகிறது என்று கேட்க வேண்டும். மாலையில் அவன் கூடிப் பேசவும் படிக்கவும் வேறோரிடம் உண்டா என்றும் கேட்க வேண்டும். ஹார்டிக்கு மதுச்சாலையன்றி வேறு மண்டபம் இருக்கவில்லை. நம் இளைஞர்க்கு ஒரு படிப்பகமேனும் இருக்கட்டும். அதன் கதவு பிற்பகலிலும் திறந்திருக்கட்டும்.