எண்ணெய்ச் சிக்கனம்: விலை ஏறும்போது மட்டும் நினைவுக்கு வரும் பாடம்



2008ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் மாலையை மலேசியர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசாக இருந்த பெட்ரோல் விலை, நள்ளிரவு கடந்ததும் 2 வெள்ளி 70 காசாக உயரும் என்று அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி அறிவித்தார். அன்றிரவு நாடெங்கும் எண்ணெய் நிலையங்களில் மகிழுந்துகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. அவற்றுள் என்னுடைய பழைய புரோட்டோன் சாகாவும் ஒன்று.

அப்போது நான் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வீட்டிலிருந்து 42 கிலோமீட்டர் தொலைவில் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் வேலை. போக வர ஒரு நாளைக்கு 84 கிலோமீட்டர். மாதம் 22 நாள் என்றால் 1,848 கிலோமீட்டர். என் வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டர்தான் ஓடியது. ஆக, மாதம் 168 லிட்டர். பழைய விலையில் 323 வெள்ளி. புதிய விலையில் 454 வெள்ளி. 2,000 சி.சி. வரையிலான தனியார் வாகனங்களுக்கு அரசு ஆண்டுக்கு 625 வெள்ளி கழிவுத் தொகை வழங்கியது உண்மைதான். ஆனால் அத்தொகை என் கூடுதல் செலவில் ஐந்து மாதத்திற்குக்கூட முழுமையாகப் போதவில்லை. மாற்றல் விண்ணப்பப் பாரத்தை வாங்கி வந்து மேசையில் வைத்தேன்.

அந்தப் பாரத்தை நான் நிரப்பாமல் போனதற்கு ஒரு பெரியவர் காரணம். அவர் என் மாணவர் ஒருவரின் தாத்தா. தோட்டத்து லோரியை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாள் பள்ளி வாசலில் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், டயருல காத்தே இல்ல. இப்படி ஓட்டுனா எண்ணெயும் போகும், டயரும் போகும். காத்து, காலு, கியரு, இந்த மூணையும் பாத்துக்குங்க. பழைய வண்டியும் சொன்ன பேச்சு கேக்கும்" என்றார்.

அவர் சொன்ன காற்று, கால், கியர் என்னும் மூன்றும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. உலகம் இந்தப் பாடத்தைப் பல முறை கற்றிருக்கிறது. கற்ற வேகத்திலேயே மறந்தும் இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சுருக்கமாக எழுத விழைகிறேன்.

பந்தயமாகத் தொடங்கிய சிக்கனம்

1936இல் அமெரிக்காவில் எண்ணெய்ச் சிக்கன ஓட்டம் ஒன்று தொடங்கியது. பிற்காலத்தில் மோபில் நிறுவனத்தின் பெயரால் அறியப்பட்ட இந்த ஓட்டம், போர்க்கால இடைவெளி நீங்கலாக 1968 வரை நடைபெற்றது. கடையில் விற்கப்படும் சாதாரண மகிழுந்துகளே இதில் கலந்துகொண்டன. ஆனால் ஓட்டியவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பழகிய கால்களைக் கொண்டவர்கள். அதே மாதிரி வண்டியை வைத்திருந்த பொதுமக்களால் அவர்களுடைய அளவை எட்ட முடியவில்லை. வேறுபாடு வண்டியில் இல்லை, ஓட்டுநரிடம் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

1939இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் வுட் ரிவர் என்னும் ஊரில், ஷெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்கள் தங்களுக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டனர். ஒரு கேலன் பெட்ரோலில் யாருடைய வண்டி அதிகத் தொலைவு ஓடும் என்பதே போட்டி. வென்றவரின் அளவு 49.73 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர். இன்றைய சிறிய மகிழுந்துகளுக்கே அது நல்ல அளவுதான். அந்த விளையாட்டுப் பந்தயமே வளர்ந்து, 1985இல் பிரான்சில் ஷெல் எகோ மாரத்தான் போட்டியாக உருவெடுத்தது. அதன் முதல் ஆசியப் போட்டி 2010இல் நம் சிப்பாங் ஓட்டப்பந்தயத் தளத்தில் நடைபெற்றது குறிப்பிடத்தக்கது.

நம் மரத்துப் பாலும் அவர்கள் வேகமும்

அடுத்த பாடம் போரால் வந்தது. அதில் நம் முன்னோரின் உழைப்பும் கலந்திருக்கிறது.

காற்றடைத்த ரப்பர் டயருக்கு ஜான் டன்லப் 1888இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் சீவுமுறையை வகுத்தார். பின்னர் மகிழுந்துகள் பெருகின. மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டனர்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து வந்த ரப்பரையே பெரிதும் நம்பியிருந்த அமெரிக்கா திகைத்து நின்றது. பெர்னார்டு பரூக் தலைமையிலான குழு, நாடு முழுவதும் பெட்ரோலுக்குப் பங்கீடு வேண்டும், வேகம் மணிக்கு 35 மைலைத் தாண்டக் கூடாது என்று 1942 செப்டம்பரில் பரிந்துரைத்தது. 35 மைல் என்பது சுமார் 56 கிலோமீட்டர். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் பங்கீடு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. இதற்கு முதன்மைக் காரணம் பெட்ரோல் பற்றாக்குறை அன்று. டயர் தேயக் கூடாது என்பதே.

கடல் கடந்த ஒரு நாட்டில் மகிழுந்துகள் மெல்ல ஓடியதற்கு, இங்கே பால்மரக் காடுகளில் வேலை நின்றுபோனது காரணமாக இருந்தது. அதே ஆண்டுகளில் அத்தோட்டங்களின் மக்கள் பட்டினி கிடந்தனர். பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். டயரைத் தேய்க்காமல் ஓட்டுவது சிக்கனம் மட்டுமன்று, பிறர் உழைப்பை மதிப்பதும் ஆகும் என்று நான் சொல்வது இதனால்தான்.

1973: மீண்டும் அதே பாடம்

1945இல் போர் முடிந்ததும் வேகக் கட்டுப்பாடு நீங்கியது, பாடமும் மறந்தது. மகிழுந்துகள் பெருத்தன, இயந்திரங்களும் பெருத்தன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. மேற்கு ஜெர்மனி ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழுந்து ஓட்டத் தடை விதித்தது. பிரிட்டன் 50 மைல் வேக வரம்பைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1974 ஜனவரி 2ஆம் நாள் அதிபர் நிக்சன் 55 மைல் வரம்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அவ்வாண்டு அங்கே சாலை மரணங்களும் குறைந்தன. பின்னர் எண்ணெய் மலிந்தது. 1995இல் அந்த வரம்பு அடியோடு நீக்கப்பட்டது.

2008இல் விலை ஏறியதும் அமெரிக்கர்களிடையே இக்கலையின் புதுப்பெயர் பரவியது. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சேமித்து ஓட்டுவதைக் குறிக்கும் 'ஹைப்பர்மைலிங்' என்ற சொல்லை, புதிய ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி அவ்வாண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. நம் நாட்டில் 2008 இறுதிக்குள் பெட்ரோல் 2 வெள்ளிக்கும் கீழே இறங்கியது. பிறகு யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

காற்று, கால், கியர்

இனி, பெரியவர் சொன்ன மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காற்று: காற்றுக் குறைந்த டயர் சாலையில் அதிகமாக நசுங்கி நசுங்கி உருள்கிறது. அப்படி நசுங்கும் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் உழைப்பு வெப்பமாக வீணாகிறது. நான்கு டயர்களிலும் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால், எண்ணெய்ச் சிக்கனம் சுமார் 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. என் டயர்களில் 8 பி.எஸ்.ஐ. குறைந்திருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உரிய அளவு இருக்கும். மாதம் ஒரு முறையேனும், வண்டி சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும்.

காற்று என்றதும் இயந்திரம் மூச்சிழுக்கும் காற்றையும் நினைக்க வேண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில், அடைத்துக்கொண்ட காற்று வடிகட்டியை மாற்றினாலே 2 முதல் 6 விழுக்காடு வரை மிச்சமாகும். புதிய வண்டிகளில் கணினி அளவைச் சரிசெய்துகொள்வதால் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

கால்: எண்ணெய் மிதியை அழுத்தி வேகமெடுத்து, அடுத்த விளக்குச் சந்திப்பில் பிரேக்கை அழுத்துவது, காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பிரேக்கில் எரிப்பதாகும். முன்னே சிவப்பு விளக்கு தெரிந்தால் அப்போதே காலை எடுத்துவிட வேண்டும். வேகமும் அப்படித்தான். எதிர்க்காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கேற்ப உயரும். மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110க்குச் சென்றால் அத்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. என் 42 கிலோமீட்டர் பயணத்தில், முழுத் தொலைவையும் 110இல் ஓட்டினாலும் மிச்சமாவது ஐந்தே நிமிடம்.

கியர்: ஒரே வேகத்தில், உயர் கியரில் இயந்திரம் குறைவான சுற்றுகளே சுழல்கிறது, உராய்வு குறைகிறது. ஆகவே தேவையான வேகம் வந்தவுடன் அடுத்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். அதற்காக இயந்திரம் திணறி அதிரும் அளவுக்கு உயர் கியரில் இழுக்கவும் கூடாது. மேட்டில் வண்டி முனகினால் ஒரு கியர் குறைப்பதே முறை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சம் என்று நம்மவர் பலர் நம்புகின்றனர். அப்போதும் இயந்திரம் தன்னை ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் குடிக்கவே செய்யும். எரிபொருளைப் பீய்ச்சும் முறையுள்ள வண்டிகளிலோ, கியரில் வைத்துக் காலை எடுத்தால் எரிபொருள் தானாகவே நிறுத்தப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, நியூட்ரலில் இயந்திரத்தின் பிடி போய்விடுவதால் முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம். சில வெள்ளி மிச்சப்படுத்த உயிரைப் பணயம் வைக்கலாமா?

இன்னொன்றையும் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். 2008இல் எண்ணெய்க் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றை 90 வெள்ளி கொடுத்து வாங்கினேன். பயன் எதுவும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இத்தகைய கருவிகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து, மிகச் சிலவற்றில் மட்டுமே சிறிதளவு பயன் கண்டது. அந்த 90 வெள்ளியில் காற்று வடிகட்டியையும் தீப்பொறிச் செருகிகளையும் மாற்றியிருக்கலாம்.

கணக்கும் வாழ்க்கையும்

பெரியவர் சொன்னபடி ஓட்டத் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் தொட்டியை முழுதாக நிரப்பி, லிட்டரையும் கிலோமீட்டரையும் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் குறித்து வந்தேன். மூன்றாம் மாதத்தில் லிட்டருக்கு 13.5 கிலோமீட்டர் வந்தது. மாதச் செலவு, 2 வெள்ளி 70 காசு விலையிலேயே, 454இலிருந்து 370 வெள்ளியாகக் குறைந்தது. மாற்றல் பாரம் மேசையிலேயே மஞ்சளடித்துப் போனது. அப்பள்ளியில் மேலும் ஏழு ஆண்டுகள் பணியாற்றினேன்.

அந்தப் புத்தகம் என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதப் பாடமாகவும் பயன்பட்டது. வகுத்தல், தசமம், விழுக்காடு, பணம் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. "டீச்சர், இந்த வாரம் ஏன் கொறஞ்சிருச்சு?" என்று அவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சத்திலேயே நான் ஒழுங்காக ஓட்டினேன் என்றால் அது மிகையாகாது. பெற்றோர்களும் பிள்ளைகளிடம் இப்படி ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் பார்க்கலாம்.

2014 டிசம்பரில் பெட்ரோல் உதவித்தொகை நீக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 30ஆம் நாள் பூடி 95 திட்டம் தொடங்கியபோது, குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை, லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்குக் கிடைத்தது. விலை இனியும் ஏறும், இறங்கும். அது நம் கையில் இல்லை. எண்ணெய் மிதியின்மேல் இருக்கும் கால் நம்முடையது. விலை ஏறும்போது மட்டும் மெல்ல ஓட்டுவதை நம் பிள்ளைகள் பின்னிருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். விலை இறங்கியதும் நாம் என்ன செய்கிறோம் என்பதையும் பார்க்கிறார்கள்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன், நான்கு டயர்களையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.