மாதிரி விமானங்களின் மேலுறையும் வண்ணப்பூச்சும்

மாதிரி விமானத்தின் இறக்கை பெரும்பாலும் வெறும் கூடு. பால்சா மரத்தில் வெட்டிய விலாக்களும் அவற்றைக் கோத்து நிற்கும் மெல்லிய சட்டங்களும்தான் அதன் உடல். அந்தக் கூட்டின்மேல் இழுத்து ஒட்டப்படும் தாள், துணி அல்லது பிளாஸ்டிக் படலம் மேலுறை எனப்படும். மேலுறை இல்லாத இறக்கையை இரு கைகளாலும் பிடித்து முறுக்கினால் துவளும். மேலுறை இறுகிய பின் அதே இறக்கை விறைத்து நிற்கும். எனவே மேலுறையை அலங்காரம் என்று மட்டும் எண்ணுவது பிழை. அது கட்டமைப்பின் ஒரு பகுதி.

இந்தக் கலை பெரிய விமானங்களிலிருந்து வந்தது. முதல் உலகப்போர்க் கால விமானங்களின் மரச்சட்டங்களில் லினன் துணி போர்த்தி, செல்லுலோஸ் சேர்மங்களைக் கரைத்த ‘டோப்’ என்னும் பூச்சைத் தடவினார்கள். காயும்போது அது சுருங்கித் துணியை மத்தளத்தோல்போல இறுக்கியது. டோப் கரைசலில் கலந்த டெட்ராகுளோரோஈத்தேன் ஆவியால் தொழிற்சாலைகளில் பெண்கள் உட்படப் பலர் ஈரல் பழுதுபட்டு இறந்தனர். மாதிரி விமானங்களுக்கான டோப்பில் அந்த நஞ்சு இல்லாவிட்டாலும், அதன் ஆவி கெடுதலானது, எளிதில் தீப்பற்றுவது. சன்னல் திறந்த அறையில்தான் அதைக் கையாள வேண்டும்.

இலேசான மாதிரிகளுக்கு டிஷ்யூ தாளே இன்றும் சிறந்தது. முதலில் தாள் படும் விளிம்புகளில் டோப் தடவி, காய்ந்ததும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். தாளின் நார் ஓட்டம் இறக்கையின் நீளவாக்கில் இருக்குமாறு விரித்து, ஓரங்களில் டோப்பை நீர்க்கச் செய்யும் கரைப்பானான தின்னரைத் தொட்டு வைத்தால், அது தாளை ஊடுருவி அடியிலுள்ள டோப்பை இளக்கி ஒட்டவைக்கும். அடிப்புறம் குழிந்த இறக்கையானால் ஒவ்வொரு விலாவிலும் தாளை ஒட்ட வேண்டும். இல்லையேல் இறுகும்போது தாள் குழிவை விட்டு எழும்பிவிடும். பிறகு நீரைப் பனிபோலத் தெளித்தால், தளர்ந்து சுருக்கம் விழுந்திருந்த தாள் காயக்காயத் தானாகவே இழுபட்டு வழுவழுப்பாகிறது. அதன்மேல் நீர்க்கத் தின்னர் கலந்த டோப் இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் இறக்கையைப் பலகையில் குண்டூசியால் பிணைத்துக் காயவிட வேண்டும். ஒருபக்கம் அதிகம் சுருங்கினால் இறக்கை கோணும், கோணிய இறக்கை நேராகப் பறக்காது. சுருக்கத்தை மட்டுப்படுத்த டோப்பில் சில துளி விளக்கெண்ணெய் விடுவது பழைய வழக்கம்.

டோப்பில் நைட்ரேட், பியூட்டிரேட் என இருவகை. நைட்ரேட் நன்றாகப் பற்றும். ஆனால் மாதிரி விமானங்களில் பொருத்தும் குளோ எஞ்சினின் எரிபொருள் பட்டால் இளகிவிடும். பியூட்டிரேட் அதைத் தாங்கும். நைட்ரேட்டின்மேல் பியூட்டிரேட் பூசலாம், மாற்றிப் பூசினால் சரியாகப் பிடிக்காது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் டோப் வெளிறிச் சுண்ணாம்புபோல ஆவதுண்டு. மழைநாளில் பூசாமலிருப்பதே நல்லது.

1960-களில் சூட்டில் ஒட்டும் படலங்கள் வந்தன. அமெரிக்காவின் மோனோகோட், பிரிட்டனின் சோலார்ஃபிலிம், ஜெர்மனியின் ஓராகவர் ஆகியவை பெயர்பெற்றவை. இவற்றில் நிறமும் பசையும் முன்பே சேர்ந்திருக்கின்றன. சிறிய இஸ்திரிப்பெட்டியின் மிதமான சூட்டில் ஓரங்களை ஒட்டி, பிறகு சூட்டைக் கூட்டினால் நடுப்பகுதி சுருங்கி இறுகும். அடிப்புறத்தை முதலில் போர்த்தி, மேற்புறத்தை அதன் ஓரத்தின்மேல் மடித்தால் இணைப்பு கண்ணில் படாது. படலத்தின்மேல் படலம் ஒட்டினால் இடையில் காற்றுக் கொப்புளம் விழும். ஆகவே பட்டை, எண் போன்ற சிறு வெட்டுகளைச் சோப்புநீர் தடவி நகர்த்தி வைத்து, பழைய அட்டையால் நீரை வழித்தெடுப்பது உத்தமம். தெர்மாகோல் இறக்கைகளைக் கரைப்பான் அரித்துவிடும், மிகுந்த சூடு உருக்கிவிடும். அவற்றுக்குக் குறைந்த சூட்டில் ஒட்டும் படலமோ நீரில் கரையும் பூச்சோதான் ஏற்றது.

அழகுக்கும் எடைக்கும் இடையிலான இழுபறியே இத்துறையின் உயிர்நாடி. ரப்பர் முறுக்கில் பறக்கும் சிறு மாதிரிக்கு வண்ண டிஷ்யூ போதும். பெயிண்ட் ஒரு கோட் கூடினாலும் பறக்கும் நேரம் குறையும். வாலில் ஏறும் எடை இன்னும் மோசமானது. அதைச் சமன்செய்ய மூக்கில் பல மடங்கு ஈயம் வைக்க நேரும். ரேடியோவால் இயக்கப்படும் விமானத்தில் நிறம் பாதுகாப்பும் ஆகும்: தொலைவில் நிழலுருவாகத் தெரியும் விமானம் வருகிறதா, போகிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று புரியாமல் போனால் அது விழும். அதனால் மேற்புறத்துக்கு ஒரு நிறமும் அடிப்புறத்துக்குக் கட்டங்களோ அகலப் பட்டைகளோ இடுகிறார்கள்.

மூல விமானத்தை அச்சாகப் பிரதி செய்பவர்கள் பளபளப்பைக் குறைத்து, நிறத்தில் சிறிது வெள்ளை கலக்கிறார்கள். தொலைவில் பெரிய விமானத்தின் நிறம் வெளிறித் தெரிவதே காரணம்.

உள்ளரங்கில் பறக்கும் மிக இலேசான மாதிரிகளில் பூச்சே கிடையாது. இவற்றின் மேலுறைக்காக முன்பு செல்லுலோஸ் நைட்ரேட் கரைசலை நீர்ப்பரப்பில் ஊற்றி, பரவிக் காய்ந்த படலத்தைக் கம்பி வளையத்தால் தூக்கி, இறக்கைச் சட்டத்தில் ஒட்டினார்கள். சோப்புக்குமிழியில் தெரிவதுபோல அதில் மின்னும் வானவில் நிறங்கள் படலத்தின் தடிமனைக் காட்டும். அந்த நிறத்தைப் பார்த்தே தேவையான மெல்லிய படலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.