துன்பம் தண்டனையா? லிஸ்பன் நிலநடுக்கமும் யோபுவின் நண்பர்களும்

1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா. லிஸ்பன் நகரத்து ஆலயங்களில் காலைத் திருப்பலிக்கு மக்கள் நிறைந்திருந்த வேளையில் நிலம் அதிர்ந்தது. கூரைகள் வழிபட்டோர் மேல் சரிந்தன. பீடங்களில் எரிந்த மெழுகுவத்திகளும் அடுப்புகளும் நகரெங்கும் தீயை மூட்டின. ஆற்றங்கரைக்கு ஓடியவர்களை ஆழிப்பேரலை வாரிச் சென்றது. புனிதர் அனைவர் பெயர் தாங்கிய அரச மருத்துவமனையும் எரிந்தது. எல்லாம் வல்லவரும் முற்றிலும் நல்லவருமான கடவுள் தீமையை ஏன் அனுமதிக்கிறார் என்ற பழைய கேள்வி ஐரோப்பாவில் புதிய வேகத்தோடு எழுந்தது.

படைக்கத்தக்க உலகங்களுள் இதுவே சிறந்தது என்று 1710இல் தத்துவஞானி லைப்னிட்ஸ் வாதிட்டிருந்தார். எழுத்தாளர் வோல்தேர் 1756இல் கவிதையாலும் 1759இல் ‘கான்டீட்’ புதினத்தாலும் அந்த நம்பிக்கையைத் தாக்கினார். இவ்வரலாறு பெரும்பாலும் சமயத்துக்கும் பகுத்தறிவுக்கும் இடையிலான மோதலாகவே சொல்லப்படுகிறது. விசுவாசத்துக்குள்ளேயே நிகழ்ந்த ஒரு பிழைதான் இங்கே கூடுதல் கவனத்துக்குரியது.

1756இல் இயேசு சபைக் குரு மலக்ரீதா ஒரு நூல் வெளியிட்டார். பேரழிவுக்குக் காரணம் இயற்கை நிகழ்வுகள் அல்ல, லிஸ்பன் மக்களின் பாவங்களே என்பது அதன் முடிபு. விவிலியத்தின் யோபு நூலில், குற்றமின்றித் துன்புற்ற யோபுவிடம் அவனுடைய நண்பர்களும் இதையே சொன்னார்கள். ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு மண்ணில் அமர்ந்திருந்தவரை எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் நல்ல நண்பர்களே. பேசத் தொடங்கியதும் வழக்குரைஞர்களாக மாறினார்கள். யோபு நூலின் முடிவில் கடவுள் தீர்ப்பளிக்கிறார்: தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் தம்மோடு வழக்காடிய யோபுதான், தமக்காக வாதாடிய நண்பர்கள் அவனுடைய வேண்டுதலால் மன்னிப்புப் பெற வேண்டியவர்கள்.

கீழ்ப்படியாமைக்குச் சாபம் உண்டென்று இணைச்சட்ட நூல் கூறவில்லையா என்று கேட்கலாம். கூறுகிறது. ஆனால் பாவம் அழிவுக்கு இட்டுச்செல்லும் என்பதிலிருந்து, அழிந்தவர் எல்லாரும் பாவிகள் என்ற முடிவு பிறக்காது. நண்பர்களின் தருக்கப் பிழை இதுவே. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்கிறார் இயேசு (லூக்கா 13). மனந்திரும்பும் அழைப்பை உயிரோடிருந்து கேட்பவர்களிடம் அவர் விடுக்கிறார். இறந்தவர்கள் மேல் குற்றம் சுமத்தவில்லை.

மற்ற விளக்கங்களுக்கும் எல்லை உண்டு. தீமை நன்மையின் இன்மை, மனித விருப்புரிமையின் திரிபு என்ற அகுஸ்தீனின் கருத்து போரையும் சுரண்டலையும் விளக்க உதவும். நிலத்தட்டின் நகர்வை விளக்காது. துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்துகிறது என்று 1966இல் இறையியலாளர் ஜான் ஹிக் வாதிட்டார். இடிபாட்டில் இறந்த கைக்குழந்தைக்குப் பக்குவப்பட இவ்வுலகில் காலமே கிடைக்கவில்லை. ஹிக்கும் மறுமையைத் துணைக்கு அழைக்க நேர்ந்தது. கடவுள் நம்பிக்கை முரணற்றது என்று காட்ட இவ்வாதங்கள் பயன்படலாம். அந்தக் குழந்தையின் தாய்க்கு இந்த இழப்பு ஏன் என்பதற்கு இவற்றில் விடையில்லை.

சிலுவையில் இயேசுவே ‘ஏன்’ என்று கதறினார்; அக்கணத்தில் வானிலிருந்து விளக்கம் எதுவும் வரவில்லை. ஆகவே அந்தக் கேள்வி அவிசுவாசம் ஆகாது. 1972இல் வெளிவந்த இறையியலாளர் மோல்ட்மனின் ‘சிலுவையில் அறையப்பட்ட கடவுள்’ இதையே இறையியலின் மையமாக்கியது: துன்புறுவோர் பக்கத்தில் கடவுள் இருக்கிறார், அவர்களுக்கு எதிரே நீதிபதியாக அமர்ந்திருக்கவில்லை.

லிஸ்பன் நிலநடுக்கத்துக்குப் பின் போர்ச்சுகல் அரசு ஒரு வினாப்பட்டியலைப் பங்குகளுக்கு அனுப்பியது. எவ்வளவு நேரம் நிலம் அதிர்ந்தது, எத்தனை பேர் இறந்தனர், கடல் முதலில் ஏறியதா வற்றியதா என்று அது கேட்டது; பங்குக் குருக்கள் பார்த்ததை எழுதி அனுப்பினார்கள். காரணம் கற்பிக்காமல் இழப்பைப் பதிவுசெய்த அந்த விடைகள் மலக்ரீதாவின் நூலைவிட யோபுவின் நேர்மைக்கு நெருக்கமானவை.

2004 டிசம்பர் 26 ஞாயிறன்று வேளாங்கண்ணியில் திருப்பயணிகளை ஆழிப்பேரலை கொண்டுபோனது. அத்தகைய சாவுகளின் முன் நிற்கும் போதகர்களுக்கும் குருக்களுக்கும் மறைநூல் தரும் கட்டளை தெளிவானது: ‘ஏன்’ என்பதற்கு விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லுங்கள், இறந்தவர் மீது பாவக் கணக்கு எழுதாதீர்கள்.