குரங்கணி – டாப் ஸ்டேசன் கம்பிவட வழித்தடம்

குரங்கணி – டாப் ஸ்டேசன் கம்பிவட வழித்தடம் என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள ஒரு நடைபாதை ஆகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூணாற்றுத் தேயிலையை மலையுச்சியிலிருந்து அடிவாரத்திற்கு இறக்கிய வான்வழிக் கம்பிவடம் இதே மலைச்சரிவின் மேல் இயங்கியது. கம்பிவடம் மறைந்துவிட்டது, அதன் மூன்று நிலையங்களின் பெயர்கள் மட்டும் இன்றளவும் ஊர்ப்பெயர்களாக நிலைத்துள்ளன. உச்சியில் இருப்பது டாப் ஸ்டேசன், இடையில் இருப்பது சென்ட்ரல் ஸ்டேசன், அடிவாரத்தில் கொட்டகுடிப் பகுதியில் இருந்தது பாட்டம் ஸ்டேசன். இன்று இப்பாதை மலைவாழ் மக்களுக்கு அன்றாட வழியாகவும் மலையேறுவோருக்கு விருப்பமான வழியாகவும் உள்ளது.

அமைவிடம்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே கொட்டகுடி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் தார்ச்சாலை குரங்கணியுடன் முடிவடைகிறது. அதற்கு அப்பால் நடந்தோ குதிரையிலோ மட்டுமே செல்ல இயலும். பாதை சென்ட்ரல் ஸ்டேசன் வழியாக மேலேறி, கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் உள்ள டாப் ஸ்டேசனை அடைகிறது. ஏறுவதற்குப் பொதுவாக அரை நாள் தேவைப்படும்.

டாப் ஸ்டேசன் தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அதற்குச் செல்லும் சாலை கேரளத்தின் வழியாகவே அமைந்துள்ளது. போடிநாயக்கனூரிலிருந்து ஊர்தியில் செல்ல விரும்புவோர் போடிமெட்டு ஏறி, மூணாறு சென்று, அங்கிருந்து மேலும் 32 கிலோமீட்டர் செல்ல வேண்டும். இச்சுற்றுவழி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆகும். ஆனால் டாப் ஸ்டேசனிலிருந்து கொட்டகுடி வரை சென்ற கம்பிவடத்தின் நீளம் சுமார் 5 கிலோமீட்டர் மட்டுமே. இவ்வழித்தடத்தின் வரலாற்றையும் இன்றைய சிக்கலையும் புரிந்துகொள்ள இவ்விரு எண்களே போதுமானவை.

வரலாறு

தேயிலையும் இருப்புப்பாதையும்

1877 இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் அங்குத் தோட்டங்கள் உருவாயின. 1897 இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தொடங்கப்பட்டது. தோட்டங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து மலையேறிச் சென்றவர்கள். அவர்களைக் கங்காணிகள் திரட்டி அழைத்துச் சென்றனர். எனவே இம்மலையில் ஆட்கள் மேலேறுவதும் தேயிலை கீழிறங்குவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கின எனலாம்.

1902 இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேசனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டித்தடம் அமைக்கப்பட்டது. இது யூவிங் முறையைச் சார்ந்தது. வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் உருள, பக்கவாட்டில் உள்ள ஒரு பெரிய சக்கரம் சாலையில் ஊன்றி வண்டி சாயாமல் காத்தது. இவ்வண்டிகளைக் காளைகள் இழுத்தன. பட்டியாலா அரசிலும் இதே முறையில் ஒரு தடம் இயங்கியது. 1908 இல் இது நீக்கப்பட்டு, இரண்டு அடி அகலம் கொண்ட குறுகிய இருப்புப்பாதை போடப்பட்டது. இதுவே குண்டளைப் பள்ளத்தாக்குத் தொடருந்து எனப்படுகிறது.

கம்பிவடம்

தொடருந்து டாப் ஸ்டேசனுடன் நின்றது. அதற்குக் கீழே மலை செங்குத்தாக இறங்குவதால் தண்டவாளம் அமைப்பது எளிதன்று. எனவே தேயிலைப் பெட்டிகள் அங்குக் கம்பிவடத்திற்கு மாற்றப்பட்டு, காற்றில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறக்கப்பட்டன. அங்கிருந்து மாட்டுவண்டிகள் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கடந்து போடிநாயக்கனூரை அடைந்தன. மதுரை – போடிநாயக்கனூர் தொடருந்துப் பாதை 1928 இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் சரக்கு சமவெளியிலும் வண்டியிலேயே நெடுந்தொலைவு சென்று தொடருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. இவ்வாறு சென்ற தேயிலை கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தது.

வீழ்ச்சி

1924 ஜூலையில் பெய்த பெருமழை மூணாற்றைச் சிதைத்தது. கேரளத்தில் இது கொல்லம் ஆண்டு 1099 ஐ ஒட்டித் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று நினைவுகூரப்படுகிறது. இவ்வெள்ளத்தில் குண்டளைத் தொடருந்துப் பாதை அழிந்தது. அது மீண்டும் கட்டப்படவில்லை. பின்னர் மலைச்சாலைகளும் சரக்குந்துகளும் பெருகியதால் கம்பிவடமும் தேவையற்றதாகிக் கைவிடப்பட்டது. அதன் இடிபாடுகளை டாப் ஸ்டேசன் பகுதியில் காணலாம்.

இயங்குமுறை

கம்பிவடத்தில் இரு முனைகளிலும் பெரிய உருளைகள் அமைக்கப்பட்டு, அவற்றைச் சுற்றி எஃகு வடம் முடிவின்றி ஓடும். இடையிடையே உள்ள கோபுரங்கள் வடத்தைத் தாங்கும். சரக்கு ஏற்றிய தொட்டிகள் ஒரு பக்கம் இறங்கும்போது, மறுபக்கத்தில் வெறுந்தொட்டிகளோ எடை குறைந்த சரக்கோ மேலேறும். இறங்கும் சுமை ஏறும் சுமையைவிடக் கூடுதலாக இருப்பின், அவ்வெடையே வடத்தை இயக்கும் ஆற்றலில் பெரும்பகுதியைத் தரும். அந்நிலையில் இயக்குவதைவிட வேகத்தைக் கட்டுப்படுத்துவதே முதன்மைப் பணியாகிறது. தேயிலைத் தோட்டங்கள் மேலேயும் சந்தை கீழேயும் இருந்த இம்மலைக்கு இம்முறை மிகவும் ஏற்றதாக இருந்தது.

வடம் பள்ளத்தையும் பாறையையும் தாண்டி நேர்கோட்டில் செல்லும். மனிதரும் குதிரையும் அவ்வாறு ஏற இயலாது. ஆகவே நடைபாதை சரிவில் வளைந்து வளைந்து ஏறி நிலையங்களை இணைக்கிறது.

பிற நாடுகளில்

கம்பிவடமும் அதன் கீழ் ஒரு வழியும் இணைந்திருப்பது பனிச்சறுக்கு மலைகளில் பரவலாகக் காணப்படுவதாகும். உலகின் முதல் நாற்காலி ஏற்றி 1936 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில் உள்ள சன் வேலியில் அமைக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஜேம்சு கரன் யூனியன் பசிபிக் தொடருந்து நிறுவனத்தின் பொறியாளர். கப்பலில் வாழைக்குலைகளை ஏற்றும் கொக்கித் தொடரே அவருக்கு முன்மாதிரியாக அமைந்தது. ஆக, சரக்குக்காகத் தோன்றிய முறையே பின்னர் மனிதர்களை ஏற்றிச் செல்லப் பயன்பட்டது.

நாற்காலிகள் தடையின்றிச் செல்லவும் பழுது நீக்கவும் கோபுரங்களின் கீழ் மரங்கள் வெட்டப்பட்டு ஒரு நீண்ட பட்டை உருவாகிறது. பனி மூடிய காலத்தில் அதுவே சறுக்கு வழியாகிறது. இவ்வழிகள் நேராகவும் செங்குத்தாகவும் இருப்பதால் கடினமானவை. மேலே நாற்காலியில் செல்வோர் அனைவரும் கீழே சறுக்குபவரைக் காண்பதால், தேர்ந்தவர்கள் இவற்றைப் பெரிதும் விரும்புகின்றனர். இந்தியாவில் காசுமீரத்தின் குல்மார்க்கிலும் உத்தராகண்டின் ஔலியிலும் கம்பிவட ஊர்திகளைச் சார்ந்த சறுக்குத் தளங்கள் உள்ளன. சோசிமடத்திலிருந்து ஔலிக்குச் செல்லும் கம்பிவடம், 2023 தொடக்கத்தில் சோசிமடத்தில் நிலம் அமிழ்ந்தபோது நிறுத்தப்பட்டது.

தேனி மாவட்டத்தில் பனிப்பொழிவு இல்லை. எனவே சறுக்கும் இல்லை. ஆயினும் வடத்தின் அடியில் மலையைக் கடக்கும் வழி என்ற வகையில் குரங்கணிப் பாதை இவற்றோடு ஒப்பிடத்தக்கது. அங்கு வடம் இயங்குவதால் வழி வாழ்கிறது. இங்கு வடம் நின்ற பின்னும் வழி வாழ்கிறது.

இயற்கை

அடிவாரத்தில் மாந்தோப்புகளும் இலவ மரங்களும், அவற்றிற்கு மேல் காப்பி, மிளகு, ஏலத் தோட்டங்களும் காணப்படுகின்றன. உயரே செல்லச் செல்லச் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் தேயிலைத் தோட்டங்களும் வருகின்றன. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கு டாப் ஸ்டேசன் பெயர் பெற்றது. இது 2006 ஆம் ஆண்டிலும் 2018 ஆம் ஆண்டிலும் பூத்தது. மலையில் பெய்யும் மழைநீர் கொட்டகுடி ஆறாகப் போடிநாயக்கனூர் வழியாகப் பாய்ந்து, தேனிக்கு அருகே முல்லையாற்றுடன் சேர்ந்து வைகைக்குச் செல்கிறது.

மக்கள்

இம்மலைப் பகுதியின் பழங்குடிகள் முதுவர்கள். தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களது வாய்மொழி மரபு. குரங்கணிக்கு மேலுள்ள முதுவாக்குடி அவர்கள் பெயரால் அமைந்த சிற்றூர். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் சென்ட்ரல் ஸ்டேசன், டாப் ஸ்டேசன் பகுதிகளில் வாழ்கின்றன.

சாலை இல்லாத சிற்றூர்களுக்கு அரிசி முதலிய பொருள்கள் குதிரைகளின் மேல் ஏற்றிச் செல்லப்படுகின்றன. விளைபொருள்களும் அவ்வாறே இறங்குகின்றன. தேனி மாவட்ட மலைச்சிற்றூர்கள் சிலவற்றுக்குத் தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களும் குதிரையிலேயே சென்றுள்ளன. நோயுற்றோரை டோலி கட்டித் தூக்கி வர நேர்வதும் உண்டு.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேசனுக்குச் சாலை அமைக்க வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை. சாலை வந்தால் மருத்துவமனையும் பள்ளியும் சந்தையும் அருகில் வரும். 100 கிலோமீட்டர் சுற்றும் தேவைப்படாது. மறுபுறம், செங்குத்தான சரிவில் சாலை வெட்டினால் மண்சரிவு ஏற்படக்கூடும் என்றும், சோலைகளும் விலங்குகளின் வாழிடங்களும் துண்டாகும் என்றும் சூழலியல் நோக்கில் கருத்து வைக்கப்படுகிறது. ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டி 5 கிலோமீட்டரில் கடந்த மலையை, நோயாளி இன்றும் கால்நடையாகக் கடக்க வேண்டியிருப்பதே இக்கோரிக்கையின் அடிப்படை.

2018 காட்டுத்தீ

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்திற்கு வந்திருந்தவர்கள் சிக்கிக்கொண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்த இரு குழுவினர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் ஒத்தமரம் என்னுமிடத்தில் தீயில் அகப்பட்டனர். இது டாப் ஸ்டேசன் பாதை அன்று. அதே மலைத்தொகுதியில் உள்ள மற்றொரு வழி. உள்ளூர் மக்களே முதலில் மீட்புப் பணியில் இறங்கினர். இந்திய வான்படையின் உலங்கு வானூர்திகளும் ஈடுபடுத்தப்பட்டன.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் இம்மலைப் புல் முற்றிலும் காய்ந்துவிடும். வெப்பக்காற்று மேல்நோக்கி எழுவதால், சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைவாகப் பரவும். மேலேறி ஓடும் மனிதரால் அதை முந்த இயலாது.

இந்நிகழ்வுக்குப் பின் மலையேற்றம் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. வனத்துறையின் முன் அனுமதி கட்டாயமாயிற்று. தீ அபாயம் மிகுந்த காலத்தில் மலையேற்றம் நிறுத்தப்படுகிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 வழித்தடங்களைக் கொண்ட மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் தேனி மாவட்டத்தின் குரங்கணி – சாம்பலாறு வழியும் இடம்பெற்றது.

இன்றைய நிலை

மதுரை – போடிநாயக்கனூர் தொடருந்து, அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்டது. 2022 இல் தேனி வரையும், 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரையும் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் இம்மலையின் தேயிலை ஏறிய தொடருந்து நிலையத்தில் இன்று பயணிகள் இறங்கிக் குரங்கணிக்குச் செல்கின்றனர். குரங்கணிக்கு அப்பால், கம்பிவடம் இருந்த காலத்தைப் போலவே, மக்களுக்கு நடைபாதையே வழியாக உள்ளது.